மிசிசிப்பிக் கரையில் பழைய நண்பர்கள்

கடிதமும் தொலைபேசியும் நட்பை உயிரோடு வைத்திருக்கும். ஆயினும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும்போதுதான் அது மீண்டும் தளிர்க்கிறது. சிகாகோ நகரில் பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் அடுத்த வீட்டில் வாழ்ந்த கறுப்பினத் தம்பதியர், பணி ஓய்வுக்குப்பின் தங்கள் சொந்த ஊராகிய நாச்செஸுக்குத் திரும்பிவிட்டனர். இருவரும் எழுபத்தைந்தைக் கடந்தவர்கள். இனியும் காலம் தாழ்த்தலாகாது என்று நாங்கள் கணவனும் மனைவியுமாகப் புறப்பட்டோம்.

படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அமைந்த வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்தோம். அமெரிக்கர் இதனை 'ஆர்.வி.' என்பர். இத்தகைய வண்டிக்கு உகந்தது 'நாச்செஸ் ட்ரேஸ்' என்னும் சாலை. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரருகே தொடங்கி 444 மைல் தெற்கு நோக்கிச் செல்லும் இது, முற்காலத்தில் பழங்குடியினரும் வணிகரும் நடந்த தடத்தை ஒட்டி அமைந்தது. சரக்கு லாரிகளுக்கு இங்கே இடமில்லை. விளம்பரப் பலகைகளும் இல்லை. பெரும்பகுதியில் மணிக்கு 50 மைல் வேகமே எல்லை. இருபுறமும் காடு, பேசிக்கொண்டே செல்வதற்கு ஏற்ற வழி.

நாச்செஸ், மிசிசிப்பி ஆற்றினின்று ஏறக்குறைய 200 அடி உயர்ந்த மேட்டில் அமைந்த ஊர். 1716-இல் பிரெஞ்சுக்காரர் இங்கே கோட்டை கட்டினர்; நியூ ஆர்லியன்ஸ் இதற்கு இரண்டாண்டு இளையது. பழைய தெருக்கள் குறுகியவை. ஆதலால் எதிர்க்கரையில் லூசியானா மாநிலத்து விடாலியாவில் வண்டியை நிறுத்தினோம். "எங்கள் வீடு இருக்க, வண்டியிலா உறங்குவீர்கள்?" என்று நண்பரின் மனைவி கடிந்துகொண்டு, எங்கள் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டார்.

அன்றிரவு 'கம்போ' என்னும் குழம்பு. வெண்டைக்காயும் இறாலும் சேர்த்துக் காய்ச்சிச் சோற்றின்மேல் ஊற்றித் தந்தார். 'கம்போ' என்பது வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லின் வழிவந்தது என்றும், அடிமைகளாகக் கொணரப்பட்டோர் விட்டுச் சென்ற உணவு இது என்றும் விளக்கினார்.

மறுநாள் பருத்திச் செல்வர்களின் மாளிகைகளைக் கண்டோம். அவற்றுள் 'லாங்வுட்' எண்கோண வடிவினது. 1860-இல் தொடங்கிய வேலை, 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் நின்றது. கீழ்த்தளத்தில் மட்டுமே அறைகள் முடிவுற்றன. மேல்தளங்கள் இன்றும் பூச்சற்ற செங்கல்லாகவே நிற்கின்றன.

"இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதையும் காட்ட வேண்டும்" என்று நண்பர் எங்களை ஊரின் ஓரத்திற்கு அழைத்துச் சென்றார். 'ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோடு' என்னும் அந்தச் சாலைச் சந்திப்பில் 1833 முதல் 1863 வரை மனிதர் விற்கப்பட்டனர். தென்பகுதியின் மாபெரும் அடிமைச் சந்தைகளுள் ஒன்று இது. இன்று அங்கே மாளிகை இல்லை. புல்வெளியும், செய்திப் பலகைகளும், சிமெண்டில் பதித்த இரும்பு விலங்குகளுமே உள்ளன.

நண்பர் தொப்பியைக் கழற்றினார். தம் பாட்டனாரின் தாய் வர்ஜீனியாவிலிருந்து கொணர்ந்து இங்கே விற்கப்பட்டதாகக் குடும்பத்தில் சொல்வதுண்டு என்றார். "அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் ஆண்டுதோறும் இங்கு வந்து நிற்கிறோம்." பன்னிரண்டாண்டு அண்டை வீட்டில் வாழ்ந்தும் இதனை அவர் எங்களிடம் கூறியதில்லை.

ஞாயிறன்று அவர்களுடைய திருக்குடும்பப் பங்கில் திருப்பலி கண்டோம். கறுப்பினக் கத்தோலிக்கருக்கென 1890-இல் உருவான பங்கு அது. மன்றாட்டு வேளையில் நண்பர் எழுந்து, "பெயர் தெரியாத எங்கள் முன்னோருக்காக" என்று வேண்டினார். நாங்களும் அனைவரோடும் சேர்ந்து மறுமொழி கூறினோம்.

விருந்தினருக்கு நல்லறையைத் திறந்து காட்டுவோர் பலர். குடும்பத்தின் காயத்தையும் காட்டுவோர், நம்மை உறவினராகவே ஏற்றுவிட்டவர்கள். அந்த நம்பிக்கையைக் கடிதத்தில் பெற இயலாது. நேரில் சென்று, உடன் நின்று பெற வேண்டும். வாசகர்களே, வெகுநாள் காணாத நண்பர் உங்களுக்கும் இருப்பர். அவர்கள் மேசையில் நமக்கு இடமிருக்கும்போதே சென்று வருவோம்.