ஒரு ரெய்டு, 120 ஃபிரேம்

ஊர்க் கபடி ஆட்டத்தைப் போனில் எடுத்து எங்கள் பசங்களுக்குப் போட்டுக் காட்டுவதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. எடிட் பண்ண எது நல்லது என்று ஒரு தம்பி கேட்டான்.

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பிலேயே 4கே, 60 ஃபிரேம் வரை தரும், வாட்டர்மார்க் விழாது. ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். என் பழைய லேப்டாப்புக்குக் கேடென்லைவ்தான். ப்ராக்ஸி போட்டு, வெட்டும்போது மட்டும் சின்ன நகலை வைத்துக்கொண்டால் திணறாது.

எனக்கு முக்கியம் அந்த ஒரு நொடி. ரெய்டருக்கு இருப்பதே 30 நொடி. முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றியபோது பின்கால் தரையை விட்டு எழுந்திருந்ததா? 30 ஃபிரேமில் எடுத்துக் கால்வாசி வேகத்துக்கு இறக்கினால் நொடிக்கு ஏழரைப் படம்தான் மிஞ்சும். இடையில் மென்பொருள் உருவாக்கிச் சேர்ப்பது வெறும் ஊகம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 120-ல் எடுத்தால் அதே வேகத்தில் முழு 30 படம். கினோவியாவில் ஒவ்வொன்றாக நகர்த்தி, மேலே கோடும் வரையலாம். விளையாட்டு அசைவைப் பார்க்கவென்றே செய்த இலவச மென்பொருள் அது.

போன வாரம் தன் கால் எங்கே ஊன்றியது என்று கண்ணால் பார்த்த பையன், மறுநாள் விடியுமுன்னே மைதானத்தில் நின்றான்.