பெயர்களின் வரிசை

நான் சைவன். ஆயினும் இளமையிற் கிறிஸ்தவக் கல்லூரியொன்றிற் பயின்றமையால் வேதாகமம் எனக்குப் புதிதன்று. மத்தேயு சுவிசேஷத்தின் முதலதிகாரம் மட்டும் சலிப்பூட்டும். ஆபிரகாம் தொடங்கி யோசேப்பு வரை வெறும் பெயர்களே. அதனை வாசியாது விடுவதே என் வழக்கம்.

சென்ற ஆண்டு, உடனாசிரியராகிய கிறிஸ்தவ நண்பர் ஒருவரின் மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்தது. பெண்ணின் அப்பாச்சி எக்குலத்தவரென்று மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தார்களாம். ஆறுதல் கூறச் சென்றேன். நண்பர் அந்த அதிகாரத்தையே வாசித்துக்கொண்டிருந்தார்!

"இதில் வரும் பெண்கள் எவரெவர் என்று பாரும்" என்றார்.

மரியாளுக்கு முன் நால்வர். முக்காடிட்டு மாமனாரிடம் சென்று பிள்ளை பெற்ற தாமார். எரிகோ நகரத்து விலைமகள் ராகாப். மோவாப் நாட்டிலிருந்து வந்த விதவை ரூத். நான்காமவருக்குப் பெயருமில்லை, உரியாவின் மனைவி என்பதே குறிப்பு. அச்சொல்லை விட்டிருந்தால் தாவீது அரசனின் பாவம் அவ்விடத்தில் மறைந்திருக்கும். எழுதியவர் விடவில்லை. நம் குடும்பச் சரித்திரம் எழுதுவோர் இவ்வளவு துணிவாரோ?

லூக்கா தரும் வரிசை வேறாயிற்றே என்று வாதாட வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

"இந்த அப்பாச்சிமாரை மறைக்காத இடத்தில் என் தாய்க்கும் இடமுண்டு. அதனாலேயே என் விசுவாசம் இன்னும் நிற்கிறது" என்றார்.

தேநீர் கொண்டுவந்த மகள், தகப்பனாரின் தோளருகே குனிந்து, அப்பெயர்களைத் தானும் வாசிக்கலானாள்.