பாட்டியின் தாலாட்டு

என் மகளின் முதல் வருடப் படங்கள், காலமான என் மாமியார் அவளுக்குத் தாலாட்டுப் பாடிய வீடியோ எல்லாமே ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான். அதற்கு 12 வோல்ட் அடாப்டர். அவசரத்தில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டேன். இரண்டும் கறுப்புதானே! குப்பென்று கருகல் வாடை. டிஸ்க்கில் பேச்சு மூச்சில்லை. எனக்கு அன்று சோறே இறங்கவில்லை.

மறுநாள் தெருமுனை டி.வி. மெக்கானிக் பெரியவரிடம் கொண்டு போனேன். டிஸ்க்கின் அடியிலிருந்த சர்க்யூட் போர்டைக் கழற்றி லென்ஸில் பார்த்தார். மின்சாரம் நுழையும் இடத்தருகே மிளகளவு கறுப்புத் துண்டு, நடுவே பொத்தல். மீட்டரில் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம்.

"இது டி.வி.எஸ். டயோடும்மா. வோல்டேஜ் எகிறினா, தான் கருகி மத்ததைக் காப்பாத்தும். படமெல்லாம் உள்ளே தட்டுல இருக்கும், பயப்படாதீங்க."

"போர்டையே மாத்திட்டா?"

"சரிப்படாது. இந்த டிஸ்க்குக்கே உரிய கணக்கு இதுல ஒரு சிப்புல இருக்கு."

அதே அளவில் புது டயோடை வைத்துப் பற்றவைத்தார். சரியான அடாப்டரைப் போட்டதும் டிஸ்க் சுழன்றது. மாமியார் பாடினார். "யாரும்மா இது?" என்றாள் மகள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்றே எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்தேன். ஒவ்வோர் அடாப்டரிலும் பிளாஸ்திரி ஒட்டி, எதற்குரியது, எத்தனை வோல்ட் என்று எழுதிவிட்டேன். மளிகை டப்பாவுக்குப் பெயர் எழுதும் நாம் இதற்கும் எழுதலாமே, சகோதரிகளே!