சொல்லத் தெரியாத குழந்தை

பத்துத் திங்கள் நிரம்பிய குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், எங்கே வலிக்கிறது என்று அதனால் சொல்ல இயலாது. இருமல் இல்லை, சளியும் இல்லை, உடலோ அனலாய்க் கொதிக்கிறது. சிறுநீர்ப்பாதையில் தொற்று இருக்குமோ என மருத்துவர் ஐயுறுகிறார். கவனியாது விட்டால் அத்தொற்று சிறுநீரகத்தில் தழும்பை உண்டாக்கக்கூடும். ஐயம் தீர வேண்டுமெனில், மெல்லிய குழாயைச் சிறுநீர்ப்பையினுள் செலுத்திச் சிறுநீர் எடுத்தல் வேண்டும். குழந்தை வீறிட்டு அழும்; தாயின் நெஞ்சம் பதைக்கும். காய்ச்சலுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு இத்தொற்று இருப்பதில்லை. ஆதலால், அவ்வலி பல வேளைகளில் வீணாகிறது.

இவ்விடர்ப்பாட்டிற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டனர். முன்னர் மருத்துவம் பெற்ற 1686 குழந்தைகளின் பதிவுகளிலிருந்து, எவ்வெவ் அறிகுறிகள் சேர்ந்திருந்தபோது தொற்று காணப்பட்டது என்பதைக் கணினி கற்றது. அதன் பயனாக ஒரு கணிப்புக் கருவி உருவாயிற்று. 2 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தையின் அகவை, பாலினம், காய்ச்சலின் அளவு, காய்ச்சலுக்கு வேறு காரணம் உண்டா என்பன போன்ற சில செய்திகளை உள்ளிட்டால், தொற்று இருப்பதற்கான நிகழ்தகவை அது நொடியில் தரும். நிகழ்தகவு மிகக் குறைவெனில் குழாயைத் தவிர்க்கலாம். மிகுதியெனில் சோதனையைத் தள்ளிப்போடலாகாது.

ஆயினும், அக்கருவி கேட்ட வினாக்களுள் ஒன்று குழந்தையின் இனம் பற்றியது. கறுப்பினக் குழந்தை என்றால் நிகழ்தகவு குறைந்து வந்தது. ஒரே அளவு காய்ச்சலுடன் வந்த இரு குழந்தைகளுள் ஒன்றிற்குச் சோதனை கிட்டும். மற்றொன்று இனத்தின் பெயரால் விடுபட்டுப் போகலாம். இக்குறையை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள் இனம் பற்றிய வினாவை நீக்கினர். காய்ச்சல் நீடித்த காலம், இத்தொற்று முன்னர் வந்ததுண்டா என்னும் இரண்டையும் சேர்த்தனர். கணிப்பின் துல்லியம் ஏறத்தாழ முன்போலவே இருந்ததை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. இனத்தைக் கேளாமலே குழந்தையின் நோயைக் கணிக்க முடிந்தது.

கணினி தனக்குத் தரப்பட்ட பதிவுகளிலிருந்தே கற்கிறது. எதனைக் கேட்பது, எதனை விடுப்பது என்று முடிவு செய்வோர் மனிதரே. அது தரும் எண்ணும் தீர்ப்பு அன்று. மருத்துவரின் சிந்தனைக்குத் துணை. தன் வலியைச் சொல்லத் தெரியாத குழந்தைக்காகப் பேசும் கருவி, எல்லாக் குழந்தைகளுக்காகவும் ஒரே நேர்மையுடன் பேசுதல் வேண்டும்.