பொழுது சாயும் முன்னே

திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையை (மத் 20:1-16) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். விடியலில் வந்தவனுக்கும் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி கிடைத்ததைப் பற்றியே மறையுரைகள் பெரும்பாலும் பேசுகின்றன. ஆனால் அவ்வுவமையில் நாம் எளிதாகக் கடந்துவிடும் சிறு செய்தி ஒன்று உண்டு. மாலையானதும் தோட்ட உரிமையாளர் தம் மேற்பார்வையாளரை அழைத்துக் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறார். அங்கே முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். கூலியே வரவில்லை என்று கலங்கியவர் எவரும் இல்லை.

மாலையில் கூலி கொடுப்பது அந்த உரிமையாளரின் தனிப் பெருந்தன்மை அன்று, அது சட்டம். ஏழைத் தொழிலாளியின் கூலியை இரவு முழுவதும் வைத்திருக்கலாகாது என்கிறது லேவியர் நூல் (19:13). கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று கூறும் இணைச்சட்ட நூல் (24:14-15), அதற்குக் காரணத்தையும் சொல்கிறது. அவன் ஏழை, அவனுடைய பிழைப்பே அந்தக் கூலியை நம்பியிருக்கிறது. தோபித்து தம் மகனுக்குக் கூறிய அறிவுரைகளிலும் இது இடம் பெறுகிறது (4:14). கூலியின்றி உழைக்கச் செய்து மாளிகை எழுப்பிய அரசனை எரேமியா சபிக்கிறார் (22:13). கொடுக்கப்படாத கூலியே கூக்குரலிடுகிறது என்று எழுதுகிறார் யாக்கோபு (5:4). இதனாலன்றோ திருச்சபையின் மறைக்கல்வி, ஆபேலின் இரத்தத்தைப் போலவே இப்பாவமும் விண்ணை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று கற்பித்து வருகிறது!

நாம் முன்பு பணிபுரிந்த ஒரு பங்கில் ஆயத்த ஆடைத் தையற்கூடம் ஒன்று இருந்தது. அங்கு உழைத்த பன்னிரண்டு பெண்களுக்கு நான்கு மாதங்களாகச் சம்பளம் வரவில்லை. "அடுத்த வாரம்" என்ற சொல்லே அவர்களுக்குச் சம்பளமாகக் கிடைத்து வந்தது. வட்டிக்கு வாங்கினார்கள், தோட்டை அடகு வைத்தார்கள். ஒருநாள் அவர்களுள் மூத்தவர் நம்மிடம் வந்து சொன்னார்: "சாமி, கேட்டா வேலை போயிடும், கேக்காட்டி உசுரு போயிடும். பொறுத்துப் போறதா, போராடுறதா, நீங்களே சொல்லுங்க."

அவரைப் 'பொறுத்துப் போங்கள்' என்று அனுப்பிவிடுவது நமக்கு எளிதாக இருந்திருக்கும். பொறுமை ஒரு புண்ணியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறருடைய பிள்ளைகளின் பசியைக் காட்டி நாம் போதிக்கும் பொறுமை, பாவம் செய்பவருக்கு நாம் வாங்கித் தரும் தவணையாக முடிந்துவிடும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். கூலியோ அழுது பெறும் பால் அன்று. உழைப்பு முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது. அதற்குரிய ஈடுதான் இன்னும் வரவில்லை. அதைக் கேட்பவர் கடன்காரரல்லர், கடன் கொடுத்தவர்.

எப்படிக் கேட்பது? முதலில், எழுத்தில் கேட்க வேண்டும். வேலை செய்த நாள்கள், பேசிய சம்பளம், வந்த தொகை, வராத தொகை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். வருகை அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம் எதையும் எறிந்துவிடலாகாது. வெற்றுத்தாளில் கையெழுத்திடவே கூடாது. கோபத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதும் தவறு. 'தானாகவே போய்விட்டான்' என்று சொல்ல அது இடம் கொடுக்கும். வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்த பணம் உரிய கணக்கில் செலுத்தப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். பிடித்துவிட்டுச் செலுத்தாமலிருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும்.

அடுத்து, சட்டத்தை அறிய வேண்டும். 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டத்தின் இடத்தில், 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். நாள் கூலியை வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு விலகியவருக்கும் விலக்கப்பட்டவருக்கும் 2 வேலை நாள்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். வராத சம்பளத்திற்காக 3 ஆண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். பலர் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கொடுக்கலாம். பதிவு பெற்ற தொழிற்சங்கமும் தன் உறுப்பினருக்காகக் கொடுக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: கொடுத்தாயிற்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. சான்றில்லையே என்று அஞ்சி ஏழை ஒதுங்க வேண்டியதில்லை.

வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பாரும் உளர். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தை அணுகினால் போதும்.

முதலாளி உண்மையாகவே நொடித்துப்போயிருந்தால்? அப்போதும் கூலி கடைசிக் கடனாகிவிடுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டத் தொகுப்பின்படி ஒரு நிறுவனம் கலைக்கப்படும்போது, தொழிலாளரின் முந்தைய 24 மாத நிலுவை, ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமான வரிசையில் வைக்கப்படுகிறது. ஆனால் உரிய காலத்தில் உரிமை கோரினால்தான் அதுவும் கைக்கு வரும்.

அந்தப் பன்னிரண்டு பெண்களும் சேர்ந்து எழுதினார்கள். சேர்ந்தே தொழிலாளர் அலுவலகத்திற்குப் போனார்கள். இதற்கிடையே நமக்கும் ஒரு சோதனை வந்தது. அத்தையற்கூடத்தின் உரிமையாளர் நம் பங்கைச் சேர்ந்தவர். திருவிழாவில் ஒரு நாள் நவநாள் அவருடைய உபயம். வழக்கம்போல் பணத்துடன் வந்தார். ஏழைகளின் உடைமையிலிருந்து செலுத்தும் பலியைப் பற்றியும், கூலியாளின் கூலியைப் பறிப்பதைப் பற்றியும் சீராக்கின் ஞானம் ஒரே மூச்சில் பேசுவதை (34-ஆம் அதிகாரம்) அவருக்கு எடுத்துக் கூறினோம். "முதலில் அவர்களுக்குக் கொடுங்கள், பிறகு புனிதருக்குக் கொடுக்கலாம்" என்றோம். அவர் முகம் சிவந்து எழுந்து போனார். அவ்வாண்டு அந்த நவநாளை ஊரார் நாலணா எட்டணாவாகச் சேர்த்ததைப் போலச் சிறுகச் சிறுகச் சேர்த்தே நடத்தினார்கள்.

சம்பளம் மூன்று தவணைகளில் வந்து சேர்ந்தது. ஆயினும் முன்னின்று பேசிய இருவரை அவர் மீண்டும் வேலைக்கு எடுக்கவில்லை. உரிமையைக் கேட்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த விலையை இருவர் மட்டும் சுமக்கும்படி விட்டுவிடலாமா என்பதே பங்குச் சமூகத்தின் முன் நிற்கும் கேள்வி. அன்பியக் கூட்டத்தில் அவர்களுக்காகச் செபித்தவர்களுள் ஒருவர் மாற்று வேலைக்கு வழி காட்டினார். மற்றொருவர் வட்டிக் கடனை அடைக்கக் கைமாற்றாகப் பணம் தந்தார். செபம் அவ்வாறு கையும் காலும் பெறும்போதுதான் ஏழைக்குக் கேட்கும் துணிவு பிறக்கிறது.

1891-இல் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இக்குற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தார். ஒரு சமூக அமைப்பு நீதியானதா என்பதை அது தரும் ஊதியத்தைக் கொண்டே அளக்கலாம் என்னும் கருத்தை 1981-இல் 'லபோரெம் எக்சேர்சென்ஸ்' மடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வலியுறுத்தினார். இவ்வளவுகோல் ஆலைகளுக்கு மட்டும் உரியதன்று. நம் பள்ளிகளில் நிருவாகச் சம்பளம் பெறும் ஆசிரியை, கோயிலில் மணியடிக்கும் உபதேசியார், பங்கு இல்லத்துச் சமையற்காரர், நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் அம்மா ஆகியோரின் கணக்கும் இதே அளவுகோலால் அளக்கப்படும்.

அன்பர்களே, உங்களுள் கூலி வராதவர் எவரேனும் இருந்தால் தனியே அழ வேண்டாம்; நாள்களைக் குறித்து வையுங்கள், நால்வரைச் சேருங்கள், எழுதிக் கேளுங்கள். உங்களுள் கூலி கொடுக்க வேண்டியவர் எவரேனும் இருந்தால், இன்றைய மாலைச் செபத்திற்கு முழந்தாளிடுமுன் அந்தக் கணக்கை முடித்துவிடுங்கள்.