அம்மாவின் ஒப்பாரியும் சில புதிய பாட்டுகளும்

2019-ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் என் தந்தையார் காலமானார். நாச்சாரத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில்தான் உயிர் பிரிந்தது. அப்போது விடியற்காலை நான்கு மணி இருக்கும். மருத்துவர் வந்து கைவிரித்துவிட்டுச் சென்றதும் என் தாயார் கூந்தலை அவிழ்த்துவிட்டுத் தரையில் அமர்ந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். இரண்டு அடிகள் பாடியிருப்பார். நான் விரைந்து சென்று அவர் கையைப் பற்றி, "அம்மா, வேண்டாம்மா. இது நம்ம ஊர் இல்லை. மேலே கீழே எல்லாரும் தூங்குறாங்க" என்றேன். அம்மா என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். அதன்பின் இந்த வீட்டில் அவர் பாடி யாரும் கேட்டதில்லை. என் மகளைத் தூங்கவைக்கும்போதுகூட வெறுமனே முதுகைத் தட்டிக்கொடுப்பார்.

இதை நமது சங்க ஏட்டில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2023-ஆம் ஆண்டு 'பலகம்' என்னும் தெலுங்குப் படம் வெளிவந்ததை அன்பர்கள் அறிந்திருக்கலாம். வேணு எல்தண்டி இயக்கியது. தெலங்கானா கிராமம் ஒன்றில் முதியவர் ஒருவர் இறந்த பின் நிகழும் சடங்குகளே கதை. என் அலுவலகத்துத் தெலுங்கு நண்பர் ஒருவர் என்னை வற்புறுத்தி அழைத்துச் சென்றார். படத்தின் இறுதியில் மொகிலய்யா, கொமுரம்மா என்னும் தம்பதியர், இறந்தவரைப் பற்றிக் குடும்பத்தார் முன்னிலையில் பாடுகின்றனர். அவர்கள் நடிகர்கள் அல்லர். ஊர் ஊராகச் சென்று கதைப்பாட்டுப் பாடிப் பிழைத்தவர்கள். என் நண்பர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். அப்படத்தைப் பல கிராமங்களில் திரை கட்டி ஊரே கூடி அமர்ந்து பார்த்து அழுததாக அந்நாளில் செய்தித்தாள்கள் எழுதின.

வெளியே வந்து தேநீர் அருந்தும்போது நண்பர், "உங்கள் தமிழிலும் இத்தகைய பாட்டு இருக்குமே, புதிதாக என்ன வந்திருக்கிறது?" என்று கேட்டார். நான் இரண்டு சினிமாப் பாட்டுகளின் பெயரைச் சொன்னேன். "அவை எனக்கே தெரியுமே" என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டிற்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்த விடியற்காலைதான் நினைவில் நின்றது. அன்று அயலார் உறக்கத்திற்காகத்தான் அம்மாவைத் தடுத்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை அன்று. ஒப்பாரி என்றால் பட்டிக்காடு, பறை என்றால் தாழ்வு என்னும் எண்ணம் பள்ளி நாள்களிலேயே என்னுள் ஊறியிருந்தது. அந்த வெட்கத்தில் சாதியின் நிழலும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அன்று முதல் பணி முடிந்த நேரங்களில் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு தேடித் தேடிக் கேட்கலானேன். நான் இசை கற்றவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆகவே பிழை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம் நாட்டுப் பாடல்கள் அச்சேறிய வரலாறு நீண்டது. பெர்சி மக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் 1958-இல் 'மலையருவி' என்று வெளியிட்டது. 1964-இல் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' வந்தது. ஆயினும் ஏட்டில் கிடப்பது வேறு, குரலாக வருவது வேறு. கொல்லங்குடி கருப்பாயி வானொலியிலும், பின்னர் 1985-இல் 'ஆண்பாவம்' படத்திலும் பாடினார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம் கணவருடன் ஊர் ஊராகச் சென்று பாடல்களைத் திரட்டி மேடையேற்றினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. இவர்களுடைய ஒலிநாடாக்கள் நம்மில் பலர் வீட்டுப் பரணில் இன்னமும் கிடக்கும். நான் சொல்ல வந்தது இவற்றிற்குப் பின் வந்தவற்றைப் பற்றி.

முதலில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் ஆண்ட 'சாதியில்லாத் தமிழர்' என்னும் தொடரிலிருந்து அப்பெயர் பிறந்தது. கானாவும் பறையும் மின் கிதாரும் ஒரே மேடையில் நிற்கின்றன. சென்னையில் சாவு வீட்டு வாசலில் பாடப்பட்டு வந்த கானாவை, அரங்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து கேட்கும்படி செய்தனர். எனக்கு அதிற் சில பாட்டுகள் உரைநடையைத் தாளத்தில் படித்தாற்போல் இருந்தன; மற்றவை நெஞ்சில் தைத்தன. அக்குழுவில் பாடிய இளைஞர் அறிவு, 2019-இல் 'தெருக்குரல்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். விரைந்து சொற்களை அடுக்கும் ராப் என்னும் பாணி அது. முதற்கேள்வியில் ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் முறை கேட்டபோதுதான், நம் ஊர்ப் பெண்கள் நாற்று நடும்போது எதிர்ப்பாட்டுக் கட்டும் வேகம் அதில் இருப்பது தெரிந்தது.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யைக் கேளாதவர் இரார். அறிவும் தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1964-இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலட்சக்கணக்கானோர் அவ்வாறு கப்பலேறி வந்தனர். ஊரைவிட்டு வந்து உழைத்து, நிலம் ஒரு துண்டும் இன்றிப் போனவர்களின் நினைவே அப்பாட்டின் உயிர். நம் போன்ற இடம் பெயர்ந்த குடும்பத்தார் அதைக் கேட்டால் ஆடத் தோன்றுவதோடு நிற்காது. என் குழந்தைகள் அதற்கு ஆடினார்கள். நான் பால்கனிக்குச் சென்று நின்றுகொண்டேன். அதே ஆண்டில் 'கர்ணன்' படத்திற்காகக் கிடாக்குழி மாரியம்மாள் பாடிய 'கண்டா வரச் சொல்லுங்க' பாட்டையும் இதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டும். மெருகு ஏற்றாத குரல் அது. அதைக் கேட்டபின் மற்ற பின்னணிக் குரல்கள் சிலநாள் எனக்குச் சர்க்கரைப் பாகு போல் இருந்தன. 2024-இல் அறிவு, தம் பாட்டியின் பெயரால் 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டிருக்கிறார். அதையும் கேட்கலாம்.

கரகாட்டக் கலைஞராக இருந்து பாடகரான அந்தோணிதாசன், 'ஃபோக் மார்லி ரெக்கார்ட்ஸ்' என்று ஒரு வெளியீட்டகமே வைத்திருக்கிறார். கிராமியக் கலைஞர்கள் சினிமாவின் வாசலில் காத்துக் கிடவாமல் தம் பாட்டைத் தாமே வெளியிட இது ஒரு வழி. இவ்விடத்தில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இக்காலத்து நாட்டுப் பாடல் பதிவுகள் பலவற்றில் இயந்திரத் தாளம் பாடுவோரை அமுக்கிவிடுகிறது. உண்மையான பறை அவ்வாறு செய்வதில்லை; பாடுபவர் வாய் திறந்தால் அது தணிந்து வழிவிடும். பறைக்கு இப்போது மதிப்பும் வந்திருக்கிறது. 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆடி மாதத்துப் போனாலு விழாவில் நம் தெருவில் முழங்கும் தோற்கருவியைத் தெலுங்கர் 'டப்பு' என்கின்றனர். தஞ்சைப் பக்கம் நாமும் பறையைத் 'தப்பு' என்போம். இதைச் சொன்னபோது என் மகன், "தப்புன்னா தவறுதானே அப்பா?" என்று கேட்டான். அவனுக்கு விடை சொல்ல ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

இனி, கேட்கக் கேட்க என்னை உறுத்திய செய்தி ஒன்று. என் வேலை பார்சல் ரசீது எழுதுவது. அனுப்புநர் பெயர் இல்லாமல் ஒரு மூட்டையும் வண்டியேறாது. பாட்டுகள் மட்டும் அனுப்புநர் பெயரின்றி ஊர் ஊராகப் போய்ச் சேருகின்றன. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் 'எஞ்சாமி' பாடப்பட்டபோது அறிவு மேடையில் இல்லை. பாட்டை ஆக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்று அவரும் இசையமைப்பாளரும் பாடகியும் தனித்தனியே அறிக்கை வெளியிட நேர்ந்தது. தீர்ப்புச் சொல்ல நான் யார்? அதனினும் வியப்பு, கோடிக்கணக்கானோர் கேட்ட அப்பாட்டினால் தங்கள் மூவருக்கும் வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று 2024-இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறியதுதான்.

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே 'கன்ட்ரி' என்று ஒரு நாட்டுப்புற இசை உண்டு. 1927-இல் பிரிஸ்டல் என்னும் சிற்றூரில் கார்ட்டர் குடும்பத்தார் பாடிப் பதிவு செய்த இசைத்தட்டுகள் அதன் தொடக்கங்களுள் ஒன்று. பின்னர் அக்குடும்பத் தலைவர் ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் அலைந்து பாட்டுத் திரட்டியபோது, உடன் சென்று மெட்டுகளை நினைவில் வாங்கிக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிதார்க் கலைஞர். தட்டுகளில் அவர் பெயர் இல்லை. அவ்விசையின் அடையாளமாகிய பாஞ்சோ என்னும் கருவியே ஆப்பிரிக்க அடிமைகள் வழி வந்ததுதான். 2024-இல் பியான்சே வெளியிட்ட 'கவ்பாய் கார்ட்டர்' தொகுப்பில் ரியானன் கிடன்ஸ் என்னும் பெண்மணி பாஞ்சோ வாசித்தார். மறு ஆண்டு அத்தொகுப்பு கிராமி விருதுகளுள் தலையாயதைப் பெற்றது.

அவ்வளவு தொலைவு போவானேன்? பன்னிரண்டு மெட்டுக் கின்னெரா வாசிக்கும் தர்ஷனம் மொகுலய்யா நம் தெலங்கானாக்காரர். ('பலகம்' மொகிலய்யா வேறு, அவர் 2024 டிசம்பரில் மறைந்தார்.) 2021-இல் 'பீம்லா நாயக்' படப் பாட்டில் இவர் குரல் ஒலித்தது, 2022-இல் பத்மஸ்ரீ வந்தது. 2024-இல் இவர் ஐதராபாத்தின் புறத்தே கட்டட வேலையில் தினக்கூலியாக நிற்பதைச் செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிட்டன.

இவற்றையெல்லாம் நான் கேட்பதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு காலை அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு, மாரியம்மாள் பாட்டைப் பலரும் கேட்க வைத்தேன். அம்மா கீரையை விட்டுத் தலை நிமிர்ந்தார். "இது யாரு தம்பி? மூச்சு வாங்குற இடம் சரியா இருக்கு. இது வயக்காட்டுல பாடின தொண்டை" என்றார். பிறகு சிறிது நேரம் பேச்சில்லை. கீரைக் காம்பை ஒடித்தபடியே, மிக மெல்ல, நடவுப்பாட்டு ஒன்றை முணுமுணுக்கலானார். என் மனைவி கண்ணால் சாடை காட்ட, நான் கைப்பேசியில் பதிவு செய்தேன். நான்கு நிமிடம். நடுவே குக்கர் இரண்டு முறை கூவியதும் அதில் பதிந்திருக்கிறது.

"இந்தப் பாட்டு யார் கட்டினது அம்மா?" என்று கேட்டேன்.

"வடக்குத் தெரு அத்தை."

"அவங்க பேரு?"

அம்மா யோசித்தார். "அத்தைன்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பேரு யாரு கேட்டா? செத்தும் முப்பது வருசம் இருக்கும்."

ஊரிலுள்ள மாமாவுக்கு அன்றே தொலைபேசியில் பேசினேன். அவருக்கும் தெரியவில்லை. பழைய வாக்காளர் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அப்பதிவுக்கு இப்போதைக்கு 'வடக்குத் தெரு அத்தை பாட்டு' என்று பெயரிட்டு வைத்திருக்கிறேன். நமது சங்கத்துக் குடும்பங்களில் இத்தகைய பாட்டு அறிந்த முதியோர் இருப்பின், அடுத்த மாதக் கூட்டத்திற்கு அவர்களையும் அழைத்து வருமாறு வேண்டுகிறேன். பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. பாட்டு யாரிடமிருந்து வந்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்வேன்.

சென்ற வாரம் இன்னொன்றும் கேட்டேன். அன்று விடியற்காலையில் பாதியில் நின்றதை இப்போது பாடுவீர்களா என்றேன். அம்மா தலையசைத்து மறுத்தார். "அதை எந்திரத்துல பிடிக்கக் கூடாது. அப்பா திதி அன்னிக்கு வேணா பாடுறேன். கதவைச் சாத்தாம பாடுவேன், சரியா?" என்றார்.

திதி கார்த்திகையில் வருகிறது. மேல்மாடி, கீழ்மாடி இரு வீட்டாரிடமும் முன்னதாகவே சொல்லிவிட்டேன். கீழ்வீட்டுத் தெலுங்கு அம்மையார், தாமும் வந்து அமரலாமா என்று கேட்டிருக்கிறார்.