வெளியேறாதவரின் முணுமுணுப்பு

"பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே?"

தில்லியில் விடுதி அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர் சென்ற வாரம் இப்படிக் கேட்டார். ஒரு கால்பந்துக் கணினி விளையாட்டைக் குறித்து அரைமணி நேரம் நான் புலம்பி முடித்திருந்த வேளை அது. எளிய கேள்விதான். ஆயினும் விடை சொல்ல இயலவில்லை. அதனால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2013ஆம் ஆண்டு இறுதியில் சேலத்து வீட்டின் பழைய கணினியில் நானும் தம்பியும் 'ஃபிஃபா 14' ஆடத் தொடங்கினோம். நான் இளங்கலை மாணவன். அவன் ஒன்பதாம் வகுப்பு. அதில் 'கேரியர் மோடு' என்றொரு பகுதி உண்டு. ஏதேனும் ஓர் அணியின் மேலாளராகப் பொறுப்பேற்று, ஆண்டுக்கணக்கில் அதை வளர்த்தெடுக்க வேண்டும். இங்கிலாந்தின் நான்காம் நிலைத் தொடரில் இருந்த அக்ரிங்டன் ஸ்டான்லியை நாங்கள் தேர்ந்தோம். அந்தப் பெயர் தம்பிக்குச் சிரிப்பை வரவழைத்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. இளம் ஆட்டக்காரர்களைத் தேடி ஒற்றர்களை அனுப்புவோம். மாதம் ஒருமுறை அவர்களின் அறிக்கை வரும். அப்படிக் கிடைத்த பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்குக் 'குட்டி' என்று பெயரிட்டோம். யாரை வாங்கினோம், யாரை விற்றோம் என்பதையெல்லாம் தம்பி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவந்தான்.

நான் மேற்படிப்புக்காக வடக்கே வந்த பின்பும் விடுமுறைதோறும் அந்த அணி எங்களுக்காகக் காத்திருந்தது. புதிய பதிப்புகளும் ஆண்டுதோறும் வந்தன. ஆனால் ஒரு பதிப்பில் வளர்த்த அணியை அடுத்த பதிப்புக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களைப் போன்றோர் நேசித்த பகுதி ஆண்டுக்காண்டு ஓரத்துக்குத் தள்ளப்பட்டதுதான் வருத்தம்.

தள்ளியது எது என்பதில் மறைபொருள் ஏதுமில்லை. 2009இல் 'ஃபிஃபா 09'க்கு ஓர் இணைப்பாக வந்த 'அல்டிமேட் டீம்', உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாத 'பேக்'குகளைத் திறந்து ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் முறை. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் தன் விளையாட்டுத் தொடர்களின் இத்தகைய பகுதிகளிலிருந்து மட்டும் ஈட்டியது ஏறத்தாழ 162 கோடி டாலர். அதன் மொத்த வருவாயில் இது 29 விழுக்காடு. ஒருமுறை விலைகொடுத்து வாங்கிவிட்டுப் பத்தாண்டுகள் அக்ரிங்டனோடு கிடப்பவனைக் கொண்டு எந்த நிறுவனமும் இந்தத் தொகையை எட்ட முடியாது.

2019இல் 'ஃபிஃபா 20' வந்தபோது கேரியர் மோடில் பெரிய அணிகள் முதன்மை ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு மாற்று ஆட்டக்காரர்களோடு களமிறங்கும் கோளாறு இருந்தது. 'கேரியர் மோடைச் சரிசெய்' என்ற கோரிக்கை சமூக வலைத்தளங்களில் பரவியது. திருத்தங்கள் வந்தன, திசை மாறவில்லை. இதே காலத்தில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஒழுங்காணையம், காசுக்கு விற்கப்படும் இத்தகைய பேக்குகள் அந்நாட்டுச் சட்டத்துக்கு முரணானவை என்று 2018இல் கூறியது. 2019 ஜனவரியில் அங்கே அவற்றுக்கான புள்ளிகளின் விற்பனை நின்றது. ஆட்டக்காரர்களின் குரலுக்கு அசையாதது அரசின் குரலுக்கு அசைந்தது.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூல், தரம் தாழும் ஒரு நிறுவனத்தின் முன் மனிதர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்கிறது: வெளியேறுதல், குரலெழுப்புதல். இவற்றுக்கிடையே எதைத் தேர்வதென்பதைப் பற்றுறுதி தீர்மானிக்கிறது. அவர் காட்டும் நைஜீரிய ரயில்வே உதாரணம் என்னை விட்டு நீங்குவதே இல்லை. லாரிகள் போட்டிக்கு வந்த பின்பும் ரயில்வே திருந்தவில்லை. காரணம், உரக்கக் குறைசொல்லக்கூடிய வாடிக்கையாளர்களே முதலில் லாரிக்குப் போய்விட்டார்கள். அவர்களை இழப்பதால் ரயில்வேக்கு நேர்ந்த சேதமும் பெரிதல்ல.

எங்கள் நிலை இன்னும் விந்தையானது. ஏற லாரியும் இல்லை. போட்டித் தொடராக இருந்த கோனாமியின் 'ப்ரோ எவல்யூஷன் சாக்கர்' 2021இல் 'ஈஃபுட்பால்' என்று பெயர் மாறி, இலவச விளையாட்டாக வந்தது. அதன் புகழ்பெற்ற 'மாஸ்டர் லீக்' பகுதி அப்போது அதில் இல்லை. ஆகவே வெளியேறுவது என்றால் வேறொன்றுக்குப் போவதன்று, விளையாட்டையே விடுவது.

இதைத் தம்பியிடம் விளக்கினேன். அவன் இப்போது கைபேசியில் பேக் திறக்கும் விளையாட்டுகளை ஆடுபவன். "நீ ஆடுறது கால்பந்து இல்லண்ணா, கணக்குப்பிள்ளை வேலை" என்று சிரித்தான். அதில் நியாயம் இருக்கிறது. அவனுக்கு நண்பர்களோடு பதினைந்து நிமிடம் மோதிப் பார்ப்பது இன்பம்; எனக்குப் பதினைந்து பருவங்கள் காத்திருப்பது இன்பம். பெரும்பான்மையினரின் ரசனை மாறியதை நிறுவனத்தின் சதி என்று நான் சொல்லிவந்ததில் கொஞ்சம் பொய் கலந்திருந்தது. எனக்கு உண்மையில் வலித்தது, நாங்கள் இருவரும் ஒரே திரையின் முன் அமர்வது நின்றுபோனது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டாக முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் எவரும் இதே கேள்வியை வேறிடத்தில் கேட்டிருப்பார்கள். உதவித்தொகை தாமதம், நெறிமுறை மாற்றம் என்று நாம் முணுமுணுக்கும்போதெல்லாம் வீட்டார் கேட்பதும் இதுதான்: விட்டுவிட வேண்டியதுதானே? விட முடியாததால் அல்ல, அது இதைவிட நன்றாக இருக்க முடியும் என்று அறிந்திருப்பதால்தான் முணுமுணுக்கிறோம். முற்றிலும் கைவிட்டவர் குறைசொல்வதில்லை.

பொங்கலுக்கு வீட்டுக்குச் சென்றபோது பழைய கணினியை உயிர்ப்பித்தேன். கோப்பு அப்படியே இருந்தது. அக்ரிங்டன் இரண்டாம் நிலைத் தொடரில் ஏழாம் இடம். அலமாரியில் நோட்டும் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் நான் இல்லாதபோது தம்பி எழுதிவைத்த வரி: "குட்டிக்கு வயது 23. அண்ணன் வரும்வரை விற்கக் கூடாது."

அதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அடுத்த பேருந்தில் வருவதாகப் பதில் வந்தது.